திங்கட்கிழமை ஆறாவது பீரியட்: கடல்

திங்கட்கிழமை ஆறாவது பீரியடில் இருந்த கடலை அழித்தேன். ரப்பர் தேய்த்த இடத்தில் சார்ட் நூல் நூலாகக் கிளம்பியது. ஊதிவிட்டு, அதே கட்டத்தில் ‘பேருந்து, மதுரை வரை’ என்று எழுதினேன். ஏழாவதையும் எட்டாவதையும் அதற்கே கொடுத்தேன். இப்போது எங்கும் மோதல் இல்லை. சுவரிலிருந்து இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். அழகாக இருந்தது.

“அமிர்தம், இங்க வா. முடிஞ்சுருச்சு.”

“சோத்த வடிச்சுட்டு வாரேன்” என்றாள் என் மனைவி அமிர்தவல்லி, அடுப்படியிலிருந்து.

பள்ளியில் என்னை டைம்டேபிள் சார் என்பார்கள். குழந்தைசாமி என்ற பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. இலுப்பூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். கணக்கை என்னைவிட நன்றாக நடத்துகிறவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். என் மாணவர்கள் அவர்களிடம்தான் டியூஷன் போகிறார்கள். ஆனால் முப்பத்தொரு ஆசிரியர்களை இருபது வகுப்புகளுக்குள், ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் உட்கார வைக்க என்னைவிட்டால் ஆளில்லை. ஜூன் முதல் வாரத்தில் தலைமையாசிரியர் என் மேசைக்குத் தாமே நடந்து வருவார். அந்த ஒரு வாரத்தை வைத்துத்தான் மீதி ஐம்பத்தொரு வாரத்தையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓய்வுப் பீரியடில் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆசிரியரின் முகம் எனக்குக் காலிக் கட்டமாகத்தான் தெரியும். யாராவது லீவு போட்டால் அவரைத் தூக்கி அங்கே வைத்துவிடுவேன்.

அந்தத் திறமையோடுதான் இந்தச் சுற்றுலாவில் இறங்கினேன்.

சுற்றுலாவை அமிர்தம் கேட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. மார்ச்சில் என் அத்தை மகன் கண்ணுசாமி மச்சான் இறந்துபோனார். அவருக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். எனக்குப் பொதுத்தேர்வுப் பணி. அமிர்தம்தான் சொந்தக்காரர்களோடு வேனில் போய் வந்தாள். எழவுக்குப் போன வேன் திரும்பும்போது எங்கும் நிற்காது. வந்ததும் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

“அங்கிட்டு ரோட்டுல ஒரு பச்சை போர்டுங்க. திருச்செந்தூருக்கு அம்புக்குறி போட்டிருக்கு. கடல் அந்தப் பக்கந்தானா?”

“ஆமா.”

“வேன அப்பிடியே திருப்பச் சொல்லலாமான்னு இருந்துச்சு.” சிரித்தாள். “எழவுக்குப் போயிட்டு வர்றவ நெனைக்கிற நெனப்பா இது.”

அவள் குடுமியான்மலைப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். தெருவில் நடந்தால் நான்கு வயதிலிருந்து இருபத்துமூன்று வயது வரைக்கும் உள்ளவர்கள் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் நாங்கள் போன ஊரெல்லாம் ஏதோ ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கும் ஊர்தான். போன வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எந்த ஊரையும் அவள் பார்த்திருக்கிறாள். எங்கள் மாவட்டத்திலும் கடல் இருக்கிறது. மணமேல்குடிப் பக்கம் ஒரு முறை போனோம். அலை இல்லாமல் கண்மாய்போலக் கிடந்தது. போதாததற்கு அவளுடைய சூப்பர்வைசர் குடும்பத்தோடு கரையில் நின்றார். அமிர்தம் சாயங்காலம் முழுக்க முட்டை வரவு பற்றிப் பேசிவிட்டு வந்தாள்.

“அலை இருக்கணும். தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இருக்கக் கூடாது. ஒரு ராத்திரி தங்கணும். அம்புட்டுத்தான்” என்றாள். அங்கன்வாடிக்கு மே மாதத்தில் பதினைந்து நாள் விடுமுறை. அதற்குள் முடிக்க வேண்டும்.

திருச்செந்தூருக்குப் போனால் புதுக்கோட்டையில் பாதிப் பேர் அங்கே நிற்பார்கள். செல்போன் வரைபடத்தில் விரலைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தி மணப்பாடு என்று முடிவு செய்தேன். எங்களுக்கு அங்கே ஆடுமாடுகூடச் சொந்தமில்லை. புதுக்கோட்டையில் ஞாயிறு விடியற்காலை செங்கோட்டை ரயிலைப் பிடித்தால் காலைப் பலகாரத்துக்குத் தென்காசி. அங்கே வாடகைக் கார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் இளமதி லீவு போட்டுவிட்டு வந்து ஓட்டுவாள். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. அதை வாங்கிய நாளுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஞாயிறு குற்றாலம், திங்களும் செவ்வாய் காலையும் மணப்பாடு, பிறகு உடன்குடி, திருநெல்வேலி, பாபநாசம். வியாழன் மாலை தென்காசியில் காரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் ரயில். ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பீரியட், மூன்று நிற ஸ்கெட்ச் பேனா. மாறக்கூடியவற்றைப் பென்சிலில் எழுதினேன். கடல் பென்சிலில் இருந்தது.

“மே மாசத்துல குத்தாலத்துல தண்ணி விழுமாப்பா?” என்று இளமதி போனில் கேட்டாள்.

“விழாது. அதனாலதான் கூட்டமும் இருக்காது.”

கார் வாடகைக்கு விடும் சிவபிரகாஷுக்கும் சார்ட்டைப் படமெடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

“சார், ஏதோ பரிச்சை அட்டவணை எனக்கு வந்துருச்சு. மாத்தி அனுப்பிட்டீங்க போல.”

“அதுதாங்க ரூட்.”

“ரூட்டா? இதுல ரீசஸ்னு போட்டிருக்கே சார்?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். சார்ட் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பார்க்க நான்கு பேர் வேண்டாமா? எங்கள் சொந்தக்காரர்கள் அறுபத்துமூன்று பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் பத்து நிமிடம் கட்டைவிரல்களாக வந்தன. ‘மாமா வேற லெவல்’ என்று ஒரு மருமகன் எழுதினான். நான் அதை இரண்டு முறை படித்தேன். பதினோராவது நிமிடம் பொன்னமராவதியிலிருந்து என் அக்கா சந்தனம் கூப்பிட்டாள்.

“ஏன்டா கொழந்த, அங்கிட்டுப் போறியே, கண்ணுசாமி மச்சான் கேதம் கேட்டியா?”

சாவுக்குப் போக முடியாதவர்கள் பிறகொரு நாள் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருவதைக் கேதம் கேட்பது என்போம். கேட்கவில்லை என்றேன்.

“செத்த வீட்டு வாசலத் தாண்டிக் காருல கடலுக்குப் போவியா? நாக்கு மேல பல்லப் போட்டுப் பேச மாட்டாகளா?”

“போயிருவோம்க்கா. செவ்வாய்க்கெழமை ஒரு பீரியட் இருக்கு.”

“செவ்வாயும் வெள்ளியும் கேதம் கேக்கலாமாடா? வாத்தியாரு வேலைக்கு ஒன்னைய எவன் எடுத்தான்?”

“சரி, புதன்.”

“புதனும் வியாழனும் அவுக ராமேஸ்வரம் போறாக. திங்கக்கெழமைன்னா வீட்டுல இருப்பாக.”

அவர்கள் எந்தக் கிழமை எங்கே போகிறார்கள் என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கணக்குக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிட்டது.

அடுத்து, திருநெல்வேலியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் செந்தமிழன் குழுவில் எழுதினான். ‘அண்ணே, பிள்ளை பிறந்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் வந்து பார்க்கலையே.’ அடுத்து, இளமதிக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக இன்னொருவர். போகிற வழியில் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமாம்.

“ஏம்ப்பா, என் ஜாதகத்த நான் ஓட்டுற கார்லயே கொண்டு போறீங்களா?” என்றாள் இளமதி.

மூன்றும் எனக்கு மூன்று ஆசிரியர்கள்போலத்தான் தெரிந்தன. குழந்தையைத் திங்கள் மாலைக்குப் போட்டுவிட்டு அக்காவிடம் சொன்னேன்.

“கேதம் கேட்டுட்டுப் பச்சப் பிள்ளை இருக்குற வீட்டுக்குப் போவியாடா? கேதம் கேட்டா நேரா வீட்டுக்கு வந்து தலை முழுகணும். நடுவுல ஒரு வாசப்படி மிதிக்கக் கூடாது.”

“லாட்ஜுல முழுகிட்டுப் போறேன்க்கா.”

“லாட்ஜு ஒனக்கு வீடா? எப்ப இருந்து?”

இங்கேதான் எனக்கு உற்சாகம் வந்தது. எளிதான அட்டவணையை யார் வேண்டுமானாலும் போடுவார்கள். குழந்தையும் ஜாதகமும் கேதத்துக்கு முன்னால் வர வேண்டும். கேதம் திங்களன்றுதான். கேதத்துக்குப் பின்னால் வீட்டைத் தவிர எதுவும் வரக் கூடாது. ஆகவே ஞாயிறு குழந்தை, ஜாதகம். திங்கள் காலை கேதம். திங்கள் மதியம் பஸ் ஏறி நேராக இலுப்பூர். ஐந்து நாள் இரண்டு நாளாகச் சுருங்கியது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஒன்றோடொன்று இடிக்கவில்லை. எனக்கு விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன்.

அமிர்தம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சார்ட் முன்னால் நின்றாள். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். “ஞாயித்துக்கெழம பிள்ளை. ஜாதகம். திங்கக்கெழம கேதம்.” விரல் ஆறாவது பீரியடில் நின்றது. நூல் கிளம்பிய இடத்தைத் தடவினாள்.

“இங்கன என்ன இருந்துச்சு?”

“அதுவா… கடல்.”

“ம்.”

“அடுத்த வருசம் அதுக்குன்னு தனியா ஒண்ணு போட்டுருவோம்.”

சொல்லும்போதே தெரிந்தது. ஓய்வுப் பீரியட் பறிபோன ஆசிரியர்களிடம் ஒவ்வொரு ஜூனிலும் நான் சொல்லும் வாக்கியம் அது. அவர்களும் இப்படித்தான் ‘ம்’ என்பார்கள்.

சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நான் பாதி சாப்பிட்டிருந்தபோது கேட்டாள்.

“பிராக்டிகல் வகுப்புக்குப் பிள்ளைகளப் பூராவும் ஒண்ணாவா விடுவீக?”

“இல்ல, லேப்ல எடம் பத்தாது. ரெண்டு பேட்ச்.”

“ரெண்டு பேட்ச்சும் ஒரே நேரத்துல வேற வேற எடத்துல இருக்கலாம்?”

“இருக்கலாம்.”

“மதினிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

இடது கையால் போட்டேன். அக்கா எடுத்தாள்.

“மதினி, நாந்தான் அமிர்தம். ஒரு சந்தேகம். கேதம் கேட்டவுக நேரா வீட்டுக்கு வரணும், சரி. கேக்காதவுக?”

“கேக்காதவுக எங்கிட்டு வேணாலும் போகலாம். அவுகளுக்கு என்ன வந்துச்சு?”

“நாந்தான் மார்ச்சுல எழவுக்கே போயிட்டு வந்துட்டேன்ல.”

“ஆமா, நீ போன. ஒனக்கு ரெண்டாந்தடவ கெடையாது.”

“அப்பக் கேக்க வேண்டியது ஒங்க தம்பி மட்டுந்தானே?”

“ஆம்பள மட்டும் போயி மரமாட்டம் நின்னா நல்லாவா இருக்கும்? கட்டி அழுக ஒரு பொம்பள வேணாமா?”

“அதத்தான் மதினி நானும் நெனச்சேன். ஒங்களுக்கு அப்பக் கண்ணு ஆப்ரேசன். நீங்களும் இன்னும் கேக்கல. தம்பிகூட வாங்களேன்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

“அவுககிட்டக் கேக்கணுமே” என்றாள் அக்கா. அவுக என்பது அத்தான்.

“அண்ணன்கிட்ட ஒங்க தம்பி பேசுவாரு.”

“பேசுவானா?”

“பேசுவாரு” என்றாள் அமிர்தம், என்னைப் பார்க்காமலே.

அக்காவைக் கண்ணுசாமி மச்சானுக்குத்தான் முதலில் பேசியிருந்தார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் அப்பா ஏதோ ஒரு வார்த்தை விட்டு அது முறிந்துபோனது. அக்கா பொன்னமராவதிக்கு வாழ்க்கைப்பட்டாள். அதற்குப் பிறகு, இந்தக் கேதப் பேச்சு வரும்வரை, அந்த வீட்டுப் பெயரை அவள் எடுத்து நான் கேட்டதில்லை. அவர்களுடைய கிழமைகள் அவளுக்கு எப்படித் தெரிந்திருந்தன என்பது சோற்றில் கையை வைத்துக்கொண்டு இருக்கும்போது எனக்கு விளங்கியது. அமிர்தத்துக்கு எப்போது விளங்கியதோ தெரியாது. சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

“காரை மட்டும் வியாழக்கெழம வரைக்கும் அப்பிடியே விடுங்க. ரயில் டிக்கெட்டயும் கேன்சல் பண்ணாதீக” என்றாள்.

“அப்ப நான்?”

“நீங்க ஏ பேட்ச்.”

எனக்கும் கடலைப் பார்க்க ஆசை இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அக்காவுக்கு மூத்த குடிமக்கள் கணக்கில் உடனே கீழ்ப் படுக்கை கிடைத்தது. அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து பதிவு செய்த எனக்குக் கதவோரம் மேல் படுக்கை. தென்காசி நிலையத்துக்கு வெளியே சிவபிரகாஷ் நாமே ஓட்டும் வாடகைக் காருக்கான கறுப்பு நம்பர் பலகைக் காரோடு நின்றார். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்துக்கொண்டார். இளமதியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரீசஸ் சார் நீங்கதானா?”

நானேதான் என்றேன்.

குற்றாலத்தை விட்டுவிட்டோம். அம்பாசமுத்திரத்தில் இளமதி காரை விட்டு இறங்கவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஜாதகத்தை வாங்கிய பையனின் அப்பா பெண் வரவில்லையா என்று கேட்டார். டிரைவர் மட்டும் வெளியே இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். திருநெல்வேலியில் செந்தமிழன் குழந்தை என் மடியில் மூத்திரம் போனது. ரொம்ப ராசி என்றார்கள். ராசியோடு லாட்ஜுக்குப் போனேன். எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. ஆறு நிமிடம் முன்னதாகவே நடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். வழியில் பேசவில்லை. கண்ணுசாமி மச்சான் ஊருக்குப் பிரியும் விலக்கில் இளமதி காரை நிறுத்தினாள். ஊருக்குள் போனால் அவர்களும் கேதம் கேட்ட கணக்காகிவிடும். நானும் அக்காவும் இறங்கினோம். திருநெல்வேலியில் வாங்கிக் கையில் வைத்திருந்த அல்வாப் பொட்டலத்தைத் துக்க வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சன்னல் வழியாக அமிர்தத்திடம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கேதத்துக்குப் போகிறவர்களிடம் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சன்னல் கண்ணாடி ஏறியது. கார் பச்சைப் பலகை இருந்த பக்கம் திரும்பியது.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மச்சானின் மகன் வந்து, கேதம் கேட்கும் முறைப்படி இரண்டு கையையும் நீட்டினான். தொட்டேன்.

“பரிச்சை டூட்டின்னாக, மாமா.”

“ஆமாப்பா.”

உள்ளே அக்கா அழும் சத்தம் கேட்டது. மச்சானின் மனைவியும் அவளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இதற்கு நான் ஒதுக்கியிருந்தது ஒரு பீரியட். நாற்பத்தைந்து நிமிடம். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை மணி நேரம் ஆனது. உள்ளே சத்தம் அடங்கி, இரண்டு பெண்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் குரல் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்து, யாரிடமும் சொல்லாமல் நடந்தாள். நானும் எழுந்து நடந்தேன். விலக்கில் பஸ் ஏறினோம். மதுரையில் மாறினோம். பொன்னமராவதி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அக்கா வாயைத் திறந்தாள்.

“அந்தப் பொம்பள நல்லவடா” என்றாள்.

அக்கா அங்கே இறங்கிவிட்டாள். நான் அவள் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அடுத்த வண்டி பிடித்து இலுப்பூர் வந்து, தலை முழுகினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து டீ போட்டேன். ஒன்பது மணிக்கு அக்கா கூப்பிட்டு, தலை முழுகினாயா என்று கேட்டாள். முழுகினேன் என்றேன். பதினொரு மணிக்கு இளமதிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பன்னிரண்டே காலுக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் இரைச்சலாக இருந்தது. அம்மா எங்கே என்றேன். தண்ணிக்குள்ள நிக்கிது என்றாள். கூப்பிடவா என்றாள். வேண்டாம் என்றேன். இன்னொரு ராத்திரியும் அங்கேயே தங்கப்போவதாகச் சொன்னாள். சரி என்றேன். தலைமையாசிரியர் கூப்பிட்டார். இரண்டு ஆசிரியர்கள் மாறுதலில் போகிறார்களாம். ஜூன் அட்டவணையை இப்போதே தொடங்கிவிட முடியுமா என்றார். சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்து, மறுபக்கத்தில் கோடு போட்டேன். மதியத்துக்கு ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.